அறுபதுக்குக் கீழே இறங்காமல்

...இறங்கவே கூடாது, ஸ்பீடு முள் அறுபதுக்குக் கீழே இறங்கவே கூடாது என்று சொல்லிவிட்டான், சொல்வது யாருக்குத்தான் கஷ்டம், ஜூஜுவாடியில் பட்டறைக்குள் ஃபேனுக்கு நேராக ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு மெக்கானிக் பிரேம்குமார் சொல்லிவிட்டான், இங்கே ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கை மாதேஸ்வரியின் கை அல்லவா, உள்ளங்கையெல்லாம் வேர்த்து வழுக்குகிறது, துப்பட்டாவில் துடைக்கலாம் என்றால் ஒரு கையை எடுக்க வேண்டும், எடுக்க அவளுக்கு தைரியம் இல்லை. ஐம்பத்தெட்டு... ஐம்பத்தொன்பது... முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி, அதைத் தாண்டாமல் அறுபது எங்கே வரும், தாண்டுவதா, அவளா. பக்கத்து சீட்டில் அவள் புருஷன் தமிழரசன், இடது காலை நீட்ட முடிந்த அளவு நீட்டி, ஊன்றுகோலை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, ரோட்டையே பார்த்துக்கொண்டு வருகிறார். நானும் வரேன் என்று காலையில் அவரே வந்து ஏறிக்கொண்டார், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது, விபத்துக்குப் பிறகு இரண்டு வருஷமாக ஆஸ்பத்திரியைத் தவிர எங்கும் வராத மனுஷன், வருகிற முதல் பயணமா இப்படி அமைய வேண்டும். முள்ளுக்குப் பக்கத்தில் இன்ஜின் படம் போட்ட அந்த மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

அது முதலில் எரிந்த அன்றைக்கு அவள் புரோக்கரைத்தான் திட்டினாள், வேறு யாரைத் திட்டுவது, பழைய பிக்கப் வாங்கினால் இப்படித்தான், ராயக்கோட்டையில் தக்காளி ஏற்றிக்கொண்டிருந்த வண்டி, இன்னும் வெயில் ஏறினால் பின்னால் இருந்து அழுகின தக்காளி வாசம் வருகிறது, கம்பெனிக்குக் கொண்டுபோகிற குழம்பு அண்டாவை மூடித்தான் வைக்க வேண்டியிருக்கிறது, மேடம் இது தங்கமான வண்டி, ஒரே கை ஓட்டினது என்றான், அந்த ஒரு கை என்னென்ன செய்ததோ. எலுமிச்சம்பழம் கட்டினாள், மிளகாய் கட்டினாள், பூசணிக்காய் சுற்றி உடைத்தாள், விளக்கு அணையவில்லை. அணையாவிட்டால் போகட்டும், வண்டிக்கு உடம்பு சரியில்லை, மெதுவாக ஓட்டினால் போதும் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள், நாற்பது போய்க்கொண்டிருந்தவள் முப்பதானாள், முப்பது இருபத்தைந்தானது, பள்ளத்தைக் கண்டால் பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிற மாதிரி இறங்கினாள். கம்பெனியில் சாப்பாடு இறக்குகிற வரைக்கும் இன்ஜினை அணைக்கவே மாட்டாள், அணைத்தால் மறுபடி கிளம்பாமல் போய்விட்டால் என்ன செய்வது, எல்லோருக்கும் முன்னால்...

விளக்கு என்றாலே அவளுக்கு ஆகாது, அது இன்று நேற்று வந்த பயம் இல்லை, கல்யாணத்துக்கு முன்னால் நாட்றாம்பாளையத்திலிருந்து வந்து ஓசூரில் ஹாஸ்டலில் தங்கி கம்பெனி லைனில் நின்றாளே, அப்போதே வந்தது. ஒவ்வொருத்தி தலைக்கு மேலும் ஒரு கம்பம், கம்பத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு. மஞ்சள் எரிந்தால் லைன் லீடர் வருவான், சிவப்பு எரிந்தால் லைனே நின்றுவிடும், நின்றதும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அத்தனை தலையும் திரும்பி உன்னைப் பார்க்கும், யாரால் நின்றது, மாதேஸ்வரியால் நின்றது. அந்த வேலையை விட்டு, நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு சமையல் ஆரம்பித்து, தானே ஓட்டக் கற்றுக்கொண்டு, இனி எந்த விளக்கும் நம் தலைக்கு மேல் இல்லை என்று மூச்சு விட்டால் அது மூக்குக்கு நேராக வந்து உட்கார்ந்துகொண்டது. சும்மாவும் இல்லை, கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி சரிதா உள்ளே வருகிற வண்டி ஒவ்வொன்றிலும் டயர், ஹாரன், பெல்ட், டாஷ்போர்டு எல்லாம் பார்ப்பாள், அவளுக்கு மேலே சேஃப்டிகாரர்கள். அக்கா, இத்தன நாளு கண்ண மூடிக்கினு விட்டேன், திங்கக்கெழம ஆடிட்டு வர்றாங்க, லைட்டு எரிஞ்சா உள்ள விட மாட்டேன், கோச்சிக்காதீங்க என்று நேற்று சொல்லிவிட்டாள். அவள் என்ன செய்வாள் பாவம். நாளைக்கு வண்டி உள்ளே போகாவிட்டால் அந்த கம்பெனிச் சாப்பாடு வேறொருத்தருக்குப் போய்விடும், வரிசையில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும், பிறகு நாலு பெண்களையும் வீட்டில் உட்காரச் சொல்ல வேண்டியதுதான்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையும் பட்டறை திறந்திருக்கும் ஜூஜுவாடிக்குப் போனார்கள். பிரேம்குமார் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து ஒரு ஒயரைச் செருகினான், கையடக்கமான ஒரு மிஷின், அதில் எண்ணும் எழுத்துமாக ஏதோ வந்தது, அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள், இன்ஜின் போயிடுச்சுன்னு சொல்லப் போகிறான், பம்பு போயிடுச்சுன்னு சொல்லப் போகிறான்... அவன் சிரித்தான். அக்கா, நீங்க வண்டிய எங்க ஓட்றீங்க? சிப்காட்டுக்குள்ளதான் தம்பி. எவ்ளோ ஸ்பீடு? மெதுவாத்தான் போவேன். நிக்கறப்ப ஆஃப் பண்ணுவீங்களா? மாட்டேன். அதான், என்று ஒயரைப் பிடுங்கினான், பொகக்கொழாயில ஒரு ஃபில்டர் இருக்குது, கரிய புடிச்சு வெச்சுக்கும், வண்டி வேகமா போனா அந்தச் சூட்டுல கரிய எரிச்சு அதுவே சுத்தம் பண்ணிக்கும், நீங்க வேகமாவே போறதில்ல, கரி மூட்ட கட்டிக்கினு நிக்குது. நான் இதுலயே லைட்ட அழிச்சுக் குடுப்பேன், நாளைக்குக் காலைலயே மறுபடி வரும். ஹைவேல எறக்குங்க, கிருஷ்ணகிரி ரோடு, நாலாவது கியர்லயே வைங்க, அறுபதுக்கு கீழ விடாதீங்க, அர மணி நேரம், எரிஞ்சு முடிஞ்சா தானா அணையும், நடுவுல நிறுத்தினா பாதியில நின்னுடும், அப்பறம் கழட்டித்தான் ஆகணும். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பயப்படாதீங்க, ஸ்வல்ப ஜோரா, கொஞ்சம் வேகமா ஓட்டுங்க அக்கா, அதுக்கு வேற மருந்தே இல்ல என்றான். வேற மருந்தே இல்லையாம். அவள் தமிழரசனைப் பார்த்தாள், அவர் ஊன்றுகோலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாண்டிவிட்டாள், கன்டெய்னரைத் தாண்டிவிட்டாள், எப்படி என்று கேட்டால் தெரியாது, மூச்சு விட்டது அப்புறம்தான். பேரண்டப்பள்ளி போனது, காமன்தொட்டி போனது, அறுபத்தைந்து, இன்ஜின் இரைகிற இரைச்சலில் கண்ணாடி நடுங்குகிறது, இது இப்படித்தான் இரையுமா, இதுவரை இந்த வண்டியின் குரலையே அவள் கேட்டதில்லை. ஏதோ கருகுகிற வாசம், ஆமாம், எரிகிறது, எரியத்தானே சொன்னான், ஆனால் எங்கே எரிகிறது, சீட்டுக்கு அடியில்தானே அந்தக் குழாய் போகிறது, தீப்பிடித்தால் நான் கதவைத் திறந்து குதித்துவிடுவேன், அவர் எப்படி இறங்குவார், இடது காலை மடக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும், முதலில் ஊன்றுகோல், பிறகு கால், பிறகு... நிறுத்தவும் கூடாது, நிறுத்தினால் கரி, போனால் தீ, எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தான் இந்த ஃபில்டரை. சூளகிரி வரைக்கும்தான், சூளகிரியில் திரும்பிவிடலாம் என்று கிளம்பும்போதே மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள், அரை மணி நேரத்துக்கு அது போதும், அதற்கு மேல் சின்னாறு, சின்னாற்றுப் பாலம், அங்கேதான் அவர் ஓட்டிக்கொண்டு வந்த டெம்போவைப் பின்னால் வந்த லாரி இடித்துத் தள்ளியது, அவரை அந்தப் பாலத்தின் மேல் அவள் கையால் கூட்டிக்கொண்டு போக மாட்டாள், சாமி சத்தியமாக மாட்டாள்.

சூளகிரி மலை வலது பக்கம் வந்தது, பெரிதானது, விளக்கு எரிகிறது. திரும்புகிற இடம் வந்தது, விளக்கு எரிகிறது. அணையேண்டி, அணைந்து தொலையேண்டி என்று வாய்க்குள் முனகினாள், வண்டியை 'டி' போட்டுக் கூப்பிட்டது அவளுக்கே வேடிக்கையாக இருந்தது, ஆனால் சிரிப்பு வரவில்லை. திரும்ப வேண்டுமானால் வேகத்தைக் குறைக்க வேண்டும், குறைத்தால் இவ்வளவு தூரம் வந்ததெல்லாம் வீண், நாளைக்கு சரிதா, கோடாலி தூக்கின பரசுராமன் மாதிரி நிற்கிற அந்த சேஃப்டி ஆபீசர், அத்தனை தலையும் திரும்பி... கால் எதையும் கேட்கவில்லை, அழுத்தியபடியே இருந்தது, திருப்பம் பின்னால் போய்விட்டது. ஐயோ. ஏங்க, திரும்பலாம்னுதான் நெனச்சேன், லைட்டு அணையல, என்றாள் அவரைப் பார்க்காமலே. ம் என்றார். ம் என்றால் என்ன, கோபமா, பயமா, அந்த ஒரு எழுத்தை வைத்துக்கொண்டு ஒரு பெண் எவ்வளவு தூரம் ஓட்ட முடியும். பாலத்தின் கைப்பிடிச் சுவர் தூரத்தில் வெள்ளையாகத் தெரிந்தது, ஒரு பஸ் அவளை உரசுகிற மாதிரி தாண்டிப் போனது, அவளுக்குக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் போலிருந்தது, மூடினால் யார் ஓட்டுவது, அவர் கண்ணை மூடியிருப்பார், நிச்சயம் மூடியிருப்பார், ஆண்டவா, ஒன்றும் ஆகக் கூடாது, இவருக்கு இன்னொரு தடவை ஒன்றும் ஆகக் கூடாது... டயர் சத்தம் மாறியது, சுவர் ஓடியது, கீழே தண்ணீர் இருந்ததா மணல் இருந்ததா அவள் பார்க்கவில்லை, டயர் சத்தம் மறுபடி பழையபடி ஆனது.

"லைட்டு அணைஞ்சிடுச்சு பாரு," என்றார் தமிழரசன்.

பார்த்தாள். இல்லை. மஞ்சள் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, கறுப்பாக இருந்தது. அழுகை வந்தது, நாளைக்கு வண்டி உள்ளே போகும், குழம்பு போகும், சோறு போகும், அப்பாடா, காலைத் தளர்த்தினாள், ஐம்பது... நாற்பது... இரைச்சல் அடங்கியது, இது அவளுக்குத் தெரிந்த வண்டி, ஓரமாக, மெதுவாக...

"இப்ப ஏன் கால எடுக்கற?"

"போதுங்க. அதான் அணைஞ்சிடுச்சே. உங்களுக்கு வேகம்னா பயம், இவ்ளோ தூரம் பொறுத்துக்கினு வந்ததே பெருசு."

"எனக்கா?" அவர் நிஜமாகவே அவள் பக்கம் திரும்பினார். "நான் எப்ப சொன்னேன் பயம்னு?"

எப்போது சொன்னார்... சொல்லியிருப்பார், சொல்லாமலா இத்தனை நாள், அவள் தேடினாள், ஆஸ்பத்திரியில் சொன்னாரா, இல்லை, வண்டி வாங்கின அன்றைக்கு, அன்றைக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றார், வேறு எப்போது, ஆங், டிஸ்சார்ஜ் ஆகி ஆட்டோவில் வந்தோமே, ஆட்டோக்காரன் விரட்டினான், இவர் கண்ணை மூடிக்கொண்டார், அதைத்தான், அதிலிருந்துதான்... ஊசி போட்டு அனுப்பின மனுஷன், தூக்கம்கூட வந்திருக்கலாம் இல்லையா.

"நீ மெதுவா வர்றப்பதான் பயமா இருக்கும்," என்றார் அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு. "தெருமுனைல உருட்டிக்கினு வருவ, வண்டிக்கு என்னமோ ஆயிடுச்சு, இவளுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு தோணும். கேட்டா நீ பயந்துடுவியோன்னு கேக்கல."

முள் முப்பத்தெட்டில் நின்றது. அப்படியானால் இத்தனை நாள் இந்தக் காலைப் பிடித்து வைத்திருந்தது யாருடைய பயம், அவருடையது என்று தினமும் சோறு போட்டு வளர்த்தேனே, அவர் பேரைச் சொல்லிச் சொல்லி... பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது, மறுபடி அடித்தது, ஒதுங்கக் கூட மனசில்லாமல் அவள் அப்படியே போய்க்கொண்டிருந்தாள், காலை அழுத்து என்று தனக்குத்தானே சொன்னாள், அழுத்தத்தான் போகிறாள், இதோ, ஆனால் கால் இன்னும், அழுத்தட்டுமா என்று அவரைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.