அராவிய வளையம்

பரிசைப் பிரித்ததும் ஆஷாவுக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். கோபம் அதற்குப் பின்னால் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, அவளுடைய பிறந்தநாள். கரமனை வீட்டுக் கூடத்தில் மாமியார் சுப்புலக்ஷ்மி பாயசக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். மாமனார் சுந்தரராமன் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். கணவன் கைலாஷ் எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். பெட்டிக்குள் ஒரு ஃபிலிம் கேமரா. அவளிடம் இருப்பதைப் போல பேட்டரியே இல்லாத பழைய இரும்புக் கட்டி அல்ல இது. தானே ஃபிலிமை ஓட்டும், தானே வெளிச்சத்தை அளக்கும். ஃபிலிம் காலம் முடியப்போகிற சமயத்தில் வந்த கேமரா பாடி. அதன் வாயில் அவளுடைய முந்நூறு எம்.எம். டெலி லென்ஸ் மாட்டியிருந்தது.

மாட்டியிருக்க முடியாது. அவளுக்கு அது நன்றாகத் தெரியும். அந்தப் பழைய லென்ஸின் அடிவளையம் தடிமனானது. புது பாடிகளின் வாய் ஓரத்தில் ஒரு சின்ன நெம்புகோல் நீட்டிக்கொண்டிருக்கும். இந்த லென்ஸைத் திருகினால் வளையம் போய் அதில் இடித்து அதை ஒடித்துவிடும். அதனால்தான் இத்தனை வருஷமாக அவள் பழைய பாடியையே தூக்கிக்கொண்டு அலைகிறாள்.

பொத்தானை அழுத்தி லென்ஸைக் கழற்றித் திருப்பிப் பார்த்தாள். கறுப்பு வளையத்தின் விளிம்பில் ஒரு விரற்கடை நீளத்துக்கு உலோகம் பளபளவென்று வெளியே தெரிந்தது.

"இதை யாரு வெட்டினா?"

"வெட்டல்லை, அளவாட்டு ராவிருக்கு" என்றான் கைலாஷ், போனை இறக்காமலேயே. "கிள்ளிப்பாலத்துல ஷிஜுன்னு ஒருத்தன், லேத் வெச்சிருக்கான். வீடியோ பார்த்து, அளவெல்லாம் நானே வரைஞ்சு குடுத்தேன். இனிமே நீ லைட் மீட்டரைக் கையில வெச்சுண்டு கணக்குப் போட்டுண்டு நிக்க வேண்டாம். பாடியே பார்த்துக்கும். எப்படி இருக்கு சர்ப்ரைஸ்?"

"ஏன் என்கிட்ட கேக்கல?"

"கேட்டா அப்புறம் என்ன சர்ப்ரைஸ்?"

"அந்தப் போனைக் கீழ வை" என்றாள் ஆஷா. "நீ யாரு என் லென்ஸை ராவறதுக்கு?"

மாமனார் மாமியார் முன்னால் அவள் அவனை 'நீங்க' என்றுதான் சொல்வாள். இரண்டு பேரும் தனியாக இருக்கும்போதுதான் 'நீ'. பாயசக் கிண்ணம் மேஜைமேல் வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. கைலாஷின் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

அன்று முழுக்க வீட்டில் எல்லோரும் அவளுக்கு நியாயம் சொன்னார்கள். "நன்னாத்தானே பண்ணிருக்கான். ஒண்ணும் கெட்டுப் போகல்லையே" என்றாள் சுப்புலக்ஷ்மி. "ஆபீஸும் தலைவலியுமா இருக்கறவன் ஒனக்காக வெயில்ல லேத்துக்கு அலைஞ்சிருக்கானாக்கும். எத்தனை பேருக்கு இப்படி வாய்க்கும்?" போனில் அவளுடைய அம்மாவும் அதையே சொன்னாள். மறுநாள் ஆபீஸில் பக்கத்து சீட் சுமி மலையாளத்தில் சொன்னதும் அதுதான்: நீ பாக்யமுள்ள ஆள்.

அவர்கள் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை என்பதுதான் ஆஷாவை மேலும் எரியவைத்தது. லென்ஸ் கெடவில்லை. பழைய பாடியிலும் முன்போலவே மாட்டுகிறது. கண்ணாடியில் கீறல் இல்லை, ஃபோகஸ் வளையம் வெண்ணெய் மாதிரி சுற்றுகிறது. உடைந்திருந்தால்கூட ஒருவரிடம் காட்டி, இதோ பார் என்று சொல்லலாம். இது உடையவில்லை. கல்யாணத்துக்கு முன்னால், முதல் வேலையில் இருந்தபோது நாகர்கோவில் வரை போய் அவள் தேடி வாங்கிய லென்ஸ். புகுந்த வீட்டுக்கு வரும்போது புடவைகளோடு சேர்த்துப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது. அந்த வீட்டில் அவள் மட்டும் தொடுகிற பொருள் வேறு எதுவும் இல்லை. அதை ஒருவன் அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு போய், யந்திரத்தில் பிடித்து, அராவி, துடைத்து, ரிப்பன் கட்டித் திரும்ப அவளுக்கே கொடுத்திருக்கிறான். அதற்கு அவள் நன்றி சொல்ல வேண்டும்.

புதன்கிழமை ஆபீஸ் விட்டதும் கிள்ளிப்பாலத்துக்குப் போனாள். என்ன கேட்கப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. யாரையாவது திட்ட வேண்டும் போல் இருந்தது. லேத் பட்டறை ஷிஜு பாறசாலைக்காரன். தமிழும் மலையாளமும் கலந்து பேசினான். லென்ஸைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து சந்தோஷப்பட்டான்.

"எங்கினெ உண்டு மேடம், செட் ஆச்சா?"

"வேற ஒருத்தர் பொருளை இப்படி ராவலாமா?"

அவன் முகம் மாறியது. "வேற ஆளோடதா? சார் சொந்த லென்ஸ்னுதான் சொன்னாரு. ராவினா பின்னெ ஒட்ட வைக்க ஒக்காது, ஓணர் ஆராணுன்னு நான் ரெண்டாவதும் கேட்டேன். எண்டதுதான், நீ செய்யின்னாரு."

ஷிஜுவைத் திட்ட ஒன்றும் இல்லை. ஆஷா சரி என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தாள். என்னுடையதுதான், நீ செய். வழியெல்லாம் அந்த வார்த்தைகளையே கைலாஷின் குரலில் கேட்டுக்கொண்டு வந்தாள். வீட்டில் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் மாமியார் வருவாள், மாமனார் செருமுவார், விஷயம் நான்கு பேர் கையில் நசுங்கிவிடும். அவனோடு தனியாக, அவன் எழுந்து போக முடியாத இடத்தில் பேச வேண்டும் என்று காத்திருந்தாள்.

சனிக்கிழமை அந்த இடம் கிடைத்தது. பிறந்தநாளுக்காகப் பொன்முடி போவதாக முன்பே பேச்சு. கைலாஷ் அதை விடவில்லை. "வா, புது பாடியைப் போட்டுப் பார்க்கலாம், மூடு சரியாகும்" என்றான். விதுரா தாண்டி, கல்லாறு தாண்டி, கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்ததும் அவள் வாயைத் திறந்தாள்.

"ஷிஜுகிட்ட போயிருந்தேன்."

அவன் ஸ்டீயரிங்கை ஒடித்தபடி, "என்னத்துக்கு?" என்றான்.

"உன்னோட லென்ஸ்னு சொல்லிருக்கே."

"அவன்கிட்ட பின்னே என்ன சொல்லறது? பெண்டாட்டியோடது, அவளுக்குத் தெரியாதுன்னு சொன்னா தொடுவானா?"

"தொட மாட்டான். அதுக்குத்தானே அவன் கேட்டான்."

"ஆஷா, நமக்குள்ள என்ன உன்னோடது என்னோடது?"

"அப்படியா? போன மாசம் உன் டீம்ல அந்த அபிலாஷ் உன் ப்ரோக்ராம் கோடுல ரெண்டு வரியைக் கேக்காம மாத்திட்டான்னு என்ன குதி குதிச்சே? ராத்திரி சாப்பிடக்கூட வரல்லை. அவன் மாத்தினது நன்னா வேலை செய்யறதுன்னும் நீதான் சொன்னே."

"அது வேற."

"என்ன வேற?"

அடுத்த வளைவில் மேலேயிருந்து ஒரு பஸ் இறங்கியது. கைலாஷ் காரை ஓரத்தில் ஒடுக்கி நிறுத்தி, அது போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். போன பிறகும் உடனே காரை எடுக்கவில்லை.

"வளையத்தை ராவாம, வேற வளையம் வாங்கி மாத்தவும் ஒக்கும்" என்றான். "அது எனக்குத் தெரியும். ஆனா வர நாளாகும்னு ஷிஜு சொன்னான். பிறந்தநாளைக்குள்ள வராது."

இதை அவன் ஒரு நியாயமாகச் சொன்னானா, ஒப்புக்கொள்கிற மாதிரி சொன்னானா என்று அவளுக்குப் புரியவில்லை. "பிறந்தநாள் எனக்கா உனக்கா?" என்று கேட்டாள். அவன் காரை எடுத்தான்.

பொன்முடியில் வெயிலும் மூடுபனியும் மாறி மாறி வந்தன. ஆஷா பழைய பாடியைக் கொண்டுவரவில்லை. வேண்டுமென்றே கொண்டுவரவில்லை, இந்தப் புதியதைப் போட்டுப் பார்த்து, இது சரிப்படவில்லை என்று சொல்வதற்காக. புல்மேட்டு ஓரத்தில் அவள் நின்றபோது, கீழே தேயிலைச் சரிவை ஒட்டி ஒரு கருங்கழுகு வந்தது. இறக்கையே அசைக்காமல், சரிவின் மேல் நிழல் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது.

இடது கை தானாகவே லென்ஸின் அடியில் போய் வளையத்தைப் பிடித்தது. கறுப்புப் பறவை, பின்னால் வெள்ளைப் பனி. பழைய பாடியாக இருந்தால் மீட்டரை எடுத்து, எண் பார்த்து, அதை வைப்பதற்குள் பறவை மலையைத் தாண்டியிருக்கும். இப்போது வ்யூஃபைண்டருக்குள்ளேயே அளவு தெரிந்தது. பனிக்காக ஒரு படி கூட்டினாள், அவ்வளவுதான். ஃபோகஸ் சரியாக விழுந்ததும் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது. அழுத்தினாள். மோட்டார் ஃபிலிமைத் தள்ளியது. மறுபடி அழுத்தினாள். கழுகு தலையைத் திருப்பி, அலகின் மஞ்சள் அடி வெளிச்சத்தில் மின்னியபோதும் அவள் விரல் அழுத்திக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் அவள் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று கழுவிப் பார்க்காமலே தெரிந்தது.

அந்தச் சந்தோஷம் நெஞ்சில் ஏறும்போதே, பின்னாலிருந்து கைலாஷ் சொன்னான்:

"பார்த்தியா?"

ஒரே வார்த்தை. ஆனால் அந்த வாரம் முழுக்க எல்லோரும் சொன்ன அத்தனையும் அதற்குள் இருந்தது. சந்தோஷம் வந்த வழியே இறங்கிப் போயிற்று. ஆஷா கேமராவைத் தாழ்த்தி, லென்ஸைக் கழற்றி மூடிகளைப் போட்டுப் பைக்குள் வைத்தாள். பாடியை அவனிடம் நீட்டினாள்.

"இந்தா. இது உன்னோடது."

"ஃபிலிம் உள்ள இருக்கே."

"இருக்கட்டும்."

"ஆஷா, விளையாடாதே. கழுகு கிடைச்சதா இல்லையா?"

"கிடைச்சது. நன்னா கிடைச்சது. உன் வேலை நன்னா இருக்கு. நான் அதைச் சொல்லவே இல்லைன்னு உனக்கு இன்னும் புரியல்லை, பாரு."

பாடியை அவன் கையில் திணித்துவிட்டு பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தாள். பஸ் வர வெகுநேரம் ஆனது. கைலாஷ் தூரத்தில் காரில் சாய்ந்து நின்றான், கிட்டே வரவில்லை. பஸ் இறங்கத் தொடங்கியதும் பின்னாலேயே வந்தான். எஸ்டேட்டில் ஏறிய பெண்கள் நிரம்பி நிற்க, ஆஷாவுக்கு ஜன்னல் ஓர இடம் கிடைத்திருந்தது. ஒவ்வொரு வளைவிலும் அவனுடைய கார் மேலே தெரிந்து மறைந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கோபம் குறையவில்லை. என்ன கேட்க வேண்டும் என்பது மட்டும் தெளிந்துகொண்டே வந்தது.

விதுராவில் பஸ் நின்றது. கைலாஷ் காரை எங்கோ விட்டுவிட்டு ஓடிவந்து ஜன்னலுக்குக் கீழே நின்றான். மூச்சு வாங்கியது.

"தப்புதான்" என்றான்.

"எது?"

"கேக்காம பண்ணினது."

அவள் ஜன்னல் கண்ணாடியின் பிடியில் கை வைத்தாள்.

"என்னோடதுன்னு சொன்னது" என்றான், இன்னும் மெதுவாக. பக்கத்து சீட் பெண் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"இதை ஆத்துல சொல்லு. உங்க அம்மா அப்பா முன்னாடி. அவா முன்னாடிதானே குடுத்தே."

"எதுக்கு அவாளை இழுக்கறே?"

கண்டக்டர் மணி அடித்தார். ஆஷா கண்ணாடியை இறக்கி மூடினாள்.

அவன் சொன்னான். அன்று சாயங்காலமே, கூடத்தில் நின்று, டிவியைத் தானே அணைத்துவிட்டுச் சொன்னான். "லென்ஸ் ஆஷாவோடது. அவகிட்ட கேக்காம, என்னோடதுன்னு பொய் பறைஞ்சு ராவினேன். அது தப்பு." பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. காது சிவந்திருந்தது. சுந்தரராமன் எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். சுப்புலக்ஷ்மிக்குத்தான் தாங்கவில்லை.

"ஒரு இரும்புத் துண்டுக்காக எம்பிள்ளையைக் குத்தவாளி மாதிரி நிறுத்திட்டே, இல்லையா?"

"ஆமாம்மா, நிறுத்திட்டேன்" என்றாள் ஆஷா. அவளுக்கு அதில் வெற்றி ஒன்றும் தெரியவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்தார்கள். யாரும் ரசத்தை நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஒரு நாள், அவள் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கைலாஷ் அறை வாசலில் வந்து நின்றான். கேமரா அவன் கையில் இருந்தது.

"தம்பானூர் பக்கம் போறேன். இந்த ரோலைக் கழுவக் குடுக்கட்டுமா?"

கேட்டிருக்கிறான். கேட்ட விதத்திலேயே சரி என்ற பதிலை எதிர்பார்க்கிறான் என்பதும் தெரிந்தது. கழுகின் தலை திரும்பிய அந்தப் படம் ஆஷாவின் கண்ணுக்குள் வந்தது. பார்க்க ஆசையாகத்தான் இருந்தது.

"வேண்டாம்" என்றாள்.

"எப்போ குடுக்கறது?"

"தெரியல்லை."

அவன் கேமராவை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான்.

அவன் கொடுக்காமல் இருக்க மாட்டான் என்றுதான் அவள் நினைத்தாள். கழுவி, பெரிதாக்கி, ஃப்ரேம் போட்டு ஒரு நாள் சுவரில் மாட்டிவிட்டு, எப்படி இருக்கு என்று நிற்பான். அந்த எண்ணமே அவளைக் கடுகடுப்பாக வைத்திருந்தது. தினமும் சாயங்காலம் வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் மேஜையைப் போய்ப் பார்த்தாள். கேமராவின் மேல் உள்ள சின்னத் திரையில் எத்தனை படம் எடுத்தது என்ற எண் இருக்கும். ஃபிலிமை வெளியே எடுத்தால் அது மறைந்துவிடும்.

பதினொன்று என்றே இருந்தது. மழைக்காலம் பிடித்து, கரமனை ஆறு கலங்கி ஓடத் தொடங்கிய பிறகும் பதினொன்றுதான். மேஜையைத் துடைக்கும்போது கைலாஷ் அதைச் சுற்றித் துடைத்தான், தூக்கவில்லை.