முன்சீட்டு அய்யம்மாள்

"வண்டி ஓட்டும்போது கண் சொருகுமா?" என்று மதுரையில் டாக்டரம்மா கேட்டதும் கோட்டைச்சாமிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இருபத்திரண்டு வருஷமாகப் போடிமெட்டு மலையில் ஜீப்பு ஓட்டுகிறவன். பதினேழு கொண்டை ஊசி வளைவும் அவனுக்கு மனப்பாடம். இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷனுக்கு வந்த இடத்தில் தொழிலைப் பற்றி என்ன பேச்சு? "ஒருநாளும் கெடையாதும்மா" என்றான். பக்கத்திலிருந்த அவன் மனைவி ஈஸ்வரி மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

எடை நூற்று முப்பத்தெட்டு கிலோ. சிநேகிதன் சவுகத் அலி வீட்டுக் கல்யாணத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்று போட்டு அவனை உட்கார வைத்தார்கள். அதற்கெல்லாம் அவன் கூச்சப்பட்டதில்லை, பிரியாணியை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தான். ஆனால் சித்திரையில் ஒருநாள் மலையில் டயர் பஞ்சராகி, ஸ்டெப்னி மாட்டக் குனிய முடியாமல் அவன் மூச்சு வாங்கி நிற்க, அவன் ஜீப்பில் தினமும் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பன்னிரண்டு பெண்களும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி மாட்டிவிட்டார்கள். அதுதான் சுட்டது. ஈஸ்வரி ஒரு வருஷமாகச் சொல்லிவந்த ஆபரேஷனுக்கு அன்று சாயங்காலமே தலையாட்டிவிட்டான்.

ஒரு ராத்திரி அவனை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து உடம்பெல்லாம் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். தூக்கத்தில் மணிக்கு நாற்பது தடவை மூச்சு நின்று நின்று வருகிறதாம். இப்படியே மயக்க மருந்து கொடுக்க முடியாது என்றார் டாக்டரம்மா. தினமும் மூக்கில் காற்று மிஷின் மாட்டித் தூங்க வேண்டும், எட்டு கிலோ குறைக்க வேண்டும், தான் சொல்லும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்றார். கோட்டைச்சாமிக்குக் கத்திகூடப் பயமில்லை. வண்டியை விடச் சொன்னதற்குத்தான் பயந்தான்.

கொஞ்ச நாளைக்கு மச்சான் யோகராஜ் ஓட்டுவான் என்று சொல்ல, சிலமலை கிராமத்தில் அய்யம்மாள் வீட்டுக்குப் போனான். ஜீப்பில் முன்சீட்டுக்காரி அவள். மற்ற ஜீப்புகளில் முன்னால் மூன்று பேர். இவன் ஜீப்பில் இவனும் அவளும்தான், அதற்குமேல் இடம் கிடையாது. ஏறினதிலிருந்து இறங்குகிறவரை அவளுக்கு வாய் ஓயாது. "அந்த மதினிகூட வண்டி ஓட்டுனா காதுல ரத்தம் வந்துரும்" என்று எத்தனையோ தரம் ஈஸ்வரியிடம் புலம்பியிருக்கிறான்.

அவள் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "இப்பவாச்சும் டாக்டரு கண்டுபிடிச்சாகளே."

"என்னத்தை?"

"மூணு வருசமா ஒம்பதாவது வளைவு வந்தா ஒங்க தலை சாயும் கொழுந்தனாரே. பேச்சுக் குடுத்தா நிமிரும். பேச்சு பத்தலேன்னா வாயில எதையாச்சும் குடுப்பேன். மெல்லுற மனுசன் தூங்க மாட்டான்ல."

கோட்டைச்சாமி ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான். சீனிச்சேவு, கடலைமிட்டாய், பணியாரம், முறுக்கு. மூன்று வருஷமாக வளைவுக்கு வளைவு வாயில் விழுந்ததெல்லாம் பிரியம் என்றுதான் நினைத்திருந்தான்.

"ஏன் மதினி எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா ஒத்துக்குவீகளா? ஈஸ்வரிட்டச் சொன்னேன், போன வருசம். மொதல்ல எல்லாரும் முறை போட்டுத்தான் முழிச்சோம். மூணாம் நாளே அவளுக தூங்கிட்டாளுக. எனக்குத்தான் வாய் நிக்காதே, சரின்னு வச்சுக்கிட்டேன்."

நாலு மணிக்கு எழுந்து சோறாக்கிக் கட்டிக்கொண்டு வருகிறவள். பின்னால் பதினொரு பேரும் ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்து தூங்க, இவள் ஒருத்தி மட்டும் மூன்று வருஷம் கண்ணை மூடவில்லை. வெட்கத்தில் அவனுக்குக் காது சூடானது. பன்னிரண்டு உயிர். அந்த வெட்கத்தோடு சேர்ந்து, தன்னை இத்தனை பேர் தாங்கியிருக்கிறார்களே என்ற சந்தோஷமும் வந்தது. இரண்டில் எது கண்ணைக் கலக்கியது என்று அவனுக்கே தெரியவில்லை.

அன்றிலிருந்து டாக்டரம்மா சொன்ன எதையும் அவன் மீறவில்லை. முகத்தில் மிஷினும் நீளக் குழாயுமாகப் படுத்தவனைப் பார்த்து, "இதோட யானை எறங்குற தேவாரம் ஊருப் பக்கம் போயிராதீக, யானைன்னு வேட்டு போட்டு வெரட்டிருவாக" என்று ஈஸ்வரி சிரித்தாள். மறுநாள் காலை தலையில் பாரமே இல்லாமல் எழுந்தான். தூக்கம் என்றால் இதுதானா என்று இருந்தது. கேப்பைக் கூழும் மோரும் வேகவைத்த காயுமாக ஒரு மாதத்தில் ஒன்பது கிலோ இறங்கியது. டாக்டரம்மா மறுபடி சோதித்துப் பார்த்து, வியாழக்கிழமை ஆபரேஷன் என்றார். வண்டியும் ஓட்டலாம் என்றார்.

புதன்கிழமை மதுரைக்குக் கிளம்ப வேண்டும். செவ்வாய் விடியுமுன்னே யோகராஜிடம் சாவியை வாங்கிக்கொண்டான். ஒரே ஒரு நடை.

அய்யம்மாள் முன்சீட்டில் ஏறியதும் சுருளியம்மாளின் ஆடு காணாமல் போன கதையை ஆரம்பித்தாள்.

"மதினி, நீங்க தூங்குங்க."

"யாரு, நானா?"

"நான் முழிச்சிருக்கேன்."

அவள் நம்பவில்லை. நாலாவது வளைவுவரை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆறாவதில் ஆட்டுக்கதை பாதியில் நின்றது. ஒன்பதாவது வளைவு நெருங்கியபோது திரும்பிப் பார்த்தான். வாயைத் திறந்து, கழுத்தை ஒருபக்கமாகப் போட்டு, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். மடியிலிருந்து தூக்குவாளி மெல்ல நழுவியது. இடது கையை நீட்டி அதைப் பிடித்துத் தன் தொடைக்கும் அவளுக்கும் நடுவில் வைத்தான். அந்த இடத்தில் இதற்கு முன் ஒரு டம்ளர்கூட நின்றதில்லை.

வளைவு வந்தது. பழக்கத்தில் கை ஹாரனுக்குப் போய், அடிக்காமல் நின்றது. விளக்கை இரண்டு தரம் சிமிட்டினான். மேலிருந்து எதிரே இறங்கிய லோடு வண்டி பதிலுக்கு ஒருதரம் சிமிட்டி ஒதுங்கியது. முதல் கியரில், பன்னிரண்டு பேரின் தூக்கமும் குலுங்காமல், ஜீப்பு மெதுவாகத் திரும்பியது.