மூணரை

என் கணவரின் அடக்கத்தன்று என்னைவிட அதிகமாக அழுத பெண் யாரென்று எனக்குத் தெரியவில்லை. முப்பத்தைந்து வயதிருக்கலாம். கல்லறைத் தோட்டத்து ஈர மண்ணில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, மூக்கைத் துடைக்கவும் மறந்து, குலுங்கிக் குலுங்கி அழுதாள். என் நாத்தனார் என் காதருகே குனிந்து, "அண்ணி, யாரு இது? நம்ம சொந்தத்துல இப்படி அழுற ஆளே கிடையாதே," என்றாள். அந்த நேரத்திலும் அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. நான் அன்று அழாததைப் பார்த்தவர்கள் அதிர்ச்சி என்று சொல்லிக்கொண்டார்கள். அதிர்ச்சியெல்லாம் இல்லை. பெட்டியைக்கூட மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டினார். இருபத்திரண்டு வருடம் அதே இரும்புப் பெட்டி, அதே முக்காலி. வீட்டுக்கு வந்தால் காலுறையைக் கழற்றி ஜன்னலில் போடுவார், ஒரு சொம்பு தண்ணீர் குடிப்பார், "சாப்பாடு?" என்பார். ஒரு நாளைக்கு எனக்குக் கிடைக்கும் சொற்களை எண்ணிவிடலாம். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். நாளெல்லாம் சொற்களோடு கிடந்துவிட்டு வந்து, இந்த வறட்சியில் உட்கார்ந்திருப்பேன்.

அவருடைய வேலை மதியம் இரண்டு மணிக்கு முடியும். ஆனால் கடைசி ஐந்து வருடமாகப் பல நாள் நாலரைக்கு மேல்தான் வருவார். ஏங்க இவ்வளவு நேரம் என்று கேட்டால் ஒரே சொல். "மூணரை."

நான் அதை மணி என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு மணிக்கு வேலை முடிந்த மனிதனுக்கு மூன்றரை மணிக்கு அப்படி என்ன? தூக்கத்தில்கூட ஒருமுறை, "மூணரையில கொஞ்சம் நிப்போம்மா," என்றார். அந்த 'அம்மா' யார் என்று விடியும்வரை புரண்டேன். ஒரு நாள் அச்சகத்தில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றேன். மூன்றரை மணி வந்தது, போனது. அவர் வெளியே வரவேயில்லை. அப்படியென்றால் அவள் உள்ளே இருக்கிறாள் என்று முடிவுசெய்துகொண்டேன். நர்ஸாக இருக்கும். மருந்துச் சீட்டு எழுதுகிறவளாக இருக்கும். ஐந்து வருடம் முகமில்லாத ஒருத்தியோடு மனசுக்குள் சண்டை போட்டேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஷூவுக்குக் கயிறு கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

அடக்கத்துக்கு வந்த கூட்டத்தைப் பார்த்துப் போதகரே திகைத்துவிட்டார். லிஃப்ட் ஓட்டியவருக்கு இத்தனை பேரா? ஒருவரையும் எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மூணரை அண்ணன் போயிட்டாரே அண்ணி," என்றான்.

"அது என்னப்பா மூணரை?"

"தெரியாதா உங்களுக்கு? மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல அண்ணன் லிஃப்டை நிறுத்திருவாரு. நாலாவதுல சின்னப் புள்ளைங்க வார்டு. பெத்தவங்க அழுதுகிட்டே ஏறுவாங்கல்ல, அந்த முகத்தோட உள்ள போனா புள்ள பயந்துரும்னு, அங்க நிறுத்தி, 'அழுது முடிச்சிருங்கம்மா, அவசரம் ஒண்ணுமில்ல'ன்னு உக்காந்திருப்பாரு. டியூட்டி முடிஞ்சாலும் யாராவது அழுதுகிட்டு வந்தா ஒரு ரவுண்டு போயிட்டுத்தான் கிளம்புவாரு. லிஃப்டு நின்னுபோகுதுன்னு டாக்டருங்க எத்தனை கம்ப்ளெயிண்ட்! நான் எத்தனை தடவ கழட்டி மாட்டியிருப்பேன்! மெஷின்ல ஒண்ணுமில்ல அண்ணி, கோளாறு மனுஷன்லதான்."

சுற்றியிருந்தவர்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஒரு சொல்லை ஐந்து வருடம் தப்பாக வாசித்திருக்கிறேன் என்ற வெட்கம்கூட அப்போது வரவில்லை. இல்லாத ஒருத்தி போய், அவள் இடத்தில் இத்தனை பேர் வந்து நிற்கிறார்களே என்றுதான் இருந்தது. ஒருத்தியாக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

போதகர் பிரசங்கத்தில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிச் சத்திரத்தில் சேர்த்த மனிதனைப் பற்றிப் பேசினார். என் கணவர் அப்படிப்பட்டவர் என்றார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அந்த மனிதனுக்கு வீடு என்று ஒன்று இருந்திருக்கும் அல்லவா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அன்று அவன் தாமதமாகப் போய்க் கதவைத் தட்டியபோது உள்ளே இருந்தவளிடம் என்ன சொன்னான்? அதைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை. பிறனை நேசி என்கிறார்கள். பெண்டாட்டி பிறன் கணக்கில் வருவாளா என்று யாரிடம் கேட்பது?

ஆஸ்பத்திரியின் மனநல ஆலோசகரும் வந்திருந்தார். என் முகத்தில் எதையோ படித்துவிட்டார் போல. "தெரியாதவங்ககிட்ட மனசைத் திறக்கிறது சுலபம்மா. அவங்க மறுநாள் நம்ம முகத்தைப் பாக்கப்போறதில்ல. கூடவே இருக்கிறவங்க துக்கத்தைப் பாத்தா நம்ம துக்கமும் கிளம்பிரும், அதான் வாயை மூடிக்கிறோம்," என்றார்.

"அப்ப நான் தெரிஞ்சவளாப் போனதுதான் தப்பு," என்றேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

அழுத அந்தப் பெண் இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கே வந்தாள். பை தைக்கும் கம்பெனியில் வேலை பார்ப்பவளாம். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய கறுப்புப் புள்ளிகள். நான் நிலைப்படியை மறித்துக்கொண்டு நின்றேன்.

"எம் பொண்ணு நாப்பது நாள் அங்க இருந்தாக்கா. இப்ப நல்லா இருக்கா, பள்ளிக்கூடம் போறா. அவரு இல்லன்னா நான் பைத்தியமாயிருப்பேன்."

"எத்தனை தடவ பாத்திருப்பீங்க அவரை?"

"காலையில ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா."

நாற்பது நாள், நாளைக்கு இரண்டு முறை, ஒவ்வொன்றும் மூன்று நிமிடம் என்றாலும் நான்கு மணி நேரம். நான்கு மணி நேரம் அவர் பேச்சை இவள் கேட்டிருக்கிறாள். உள்ளே வாங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளே தொடர்ந்தாள்.

"நான் ரொம்ப உடைஞ்ச அன்னிக்கு உங்க பாப்பாவைப் பத்திச் சொன்னாரு. ரெண்டே நாள் இருந்தாளாமே. அவளைப் பத்திச் சொல்றப்ப அவரு முகமே வேற மாதிரி ஆயிரும்."

நான் நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால் எனக்கு அறுவை செய்து எடுத்த குழந்தை. நான் கண் விழித்தது நாலாம் நாள். அதற்குள் அவள் பிறந்து, இரண்டு நாள் மூச்சுவிட்டு, அடக்கமும் முடிந்திருந்தது. எல்லாவற்றையும் அவர் ஒருவரே பார்த்தார். படம் இல்லை. எப்படி இருந்தா என்று ஒருமுறை கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு இப்ப," என்றார். அடுத்த வருடமும் கேட்டேன். எழுந்து போய்க் குழாயைப் பழுதுபார்க்க ஆரம்பித்தார். அந்தக் குழாய் ஒழுகவே இல்லை. அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. எனக்கென்று வைத்திருக்கிறார், ஒரு நாள் சொல்வார் என்று நினைத்திருந்தேன்.

இவளிடம் சொல்லியிருக்கிறார்.

கதவைச் சாத்திவிடலாம் போலிருந்தது. என் மகள் இவள் வாய்வழியாகவா எனக்கு வரவேண்டும்? வேண்டாம், அவளை அப்படியே மண்ணுக்குள் இருக்க விட்டுவிடலாம் என்றும் தோன்றியது. ஆனால் கதவைச் சாத்தினால், உலகத்தில் அவளைப் பற்றி ஏதாவது தெரிந்த ஒரே ஆள் படியிறங்கிப் போய்விடுவாள்.

"உள்ள வாங்க," என்றேன்.

நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன். கொடுத்துவிட்டு நின்றுகொண்டே, "என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"என்னக்கா, உங்களுக்குத் தெரியாததா?"

"நான் பாக்கல," என்றேன். "நான் எம் பொண்ணைப் பாக்கவே இல்ல. அவரு எங்கிட்ட ஒண்ணும் சொன்னதில்ல. நீங்கதான் சொல்லணும்."

அவள் என்னையே பார்த்தாள். பரிதாபப்படுவாள் என்று பயந்தேன். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவசரமே இல்லாமல் சொல்ல ஆரம்பித்தாள்.

"வலது காது மேல லேசா மடங்கியிருக்குமாம். நெத்தி ரொம்பச் சின்னதாம், உங்களை மாதிரி. அழமாட்டாளாம், முனகுவாளாம். விரலைக் கொடுத்தா விடவே மாட்டாளாம்."

ஒவ்வொரு சொல்லிலும் அந்த 'ஆம்' குத்தியது. யாரோ சொல்லி யாரோ கேட்ட செய்தியாக என் மகள் வந்துகொண்டிருந்தாள். ஆனாலும் இந்தப் பெண் பேச்சை எங்கே நிறுத்திவிடுவாளோ என்று எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"உசரம் எவ்வளவு?"

அவள் இடது கையை நீட்டினாள். முழங்கை மடிப்பில் தலை இருப்பதுபோல் வைத்துக்கொண்டு, மற்றக் கையின் விரலை மணிக்கட்டில் வைத்தாள். "இப்படித்தான் காட்டுனாரு. இங்க தலை. பாதம் இங்க முடிஞ்சிருமாம், மணிக்கட்டுல."

நான் அந்தக் கையையே பார்த்தேன். குட்டையான, உருண்டையான கை.

"இல்ல," என்றேன். "அவரு கை நீளம். சட்டை வாங்கினா எப்பவும் கை பத்தாது."

அவள் விரலைப் பிடித்தேன். மணிக்கட்டைத் தாண்டி மெல்ல நகர்த்தி, உள்ளங்கையின் நடுவில் கொண்டுபோய் வைத்தேன்.

"இங்கயா?" என்றாள்.

"இன்னும் கொஞ்சம்."

விரல் இன்னும் கொஞ்சம் நகர்ந்து நின்றது. அவள் கையை மடக்கவில்லை. பாரமான எதையோ தாங்குகிறவள்போல முழங்கையைச் சற்று உயர்த்திப் பிடித்திருந்தாள்.