கொட்டாங்குச்சியில் காராமணி

இடுப்பு உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டவேண்டும் என்று என் வீட்டுக்காரர் முடிவெடுத்தது எனக்காகத்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பிறகு நான் பேசுவதைக் கேட்டு அவரைப் பொல்லாதவர் என்று நினைத்துவிடுவீர்கள்.

எனக்கு இது ஐந்தாம் மாதம். இதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை, இரண்டும் மூன்றாம் மாதத்துக்குள்ளேயே போய்விட்டன. இந்த முறை மூன்றாம் மாதம் தாண்டியதும் வீட்டில் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். நான் விடவில்லை. படி இறங்கினால் பயம், தும்மினால் பயம். கீரையும் காயும் நிறையச் சாப்பிடு என்று டாக்டரம்மா சொன்னதும் அதிலும் ஒரு பயம் வந்து ஒட்டிக்கொண்டது. மார்க்கெட் காயில் என்னென்ன மருந்து அடித்திருக்கிறார்களோ, யாருக்குத் தெரியும்?

"அதுக்கு இன்னா இப்போ? நம்ம வூட்டுத் தோட்டத்துலயே போட்டுக்கலாம்," என்றார் அருள்முருகன். அதுதான் வீட்டுக்காரர் பெயர். பாகூர் பக்கம் கரும்பும் நெல்லும் வைக்கிற குடும்பம். இங்கே பல வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. விற்கிற பயிருக்கு மருந்து அடிப்பார்கள், வீட்டுக்கென்று ஓரமாகப் போடுகிற நாலு செடிக்கு மட்டும் அடிக்கமாட்டார்கள். நான் வில்லியனூர் மளிகைக் கடைக்காரர் மகள். கல்யாணமாகி வந்த புதிதில் இதைப் பார்த்துவிட்டு, "அப்போ கடையில வாங்கித் துன்ற நாங்கல்லாம் இளிச்சவாயங்களா?" என்று கேட்டேன். என் மாமியார் கனகாம்பாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அதான் இந்த வூட்டுக்கு வந்துட்டியேடி, சாப்புடு," என்றார்.

போன மழைக்குத் தோட்டத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்று, இருந்த கத்தரியெல்லாம் அழுகிவிட்டது. அதனால்தான் தரைக்கு மேலே பாத்தி. முட்டி உயரம் போதுமே என்றார் மாமியார். "அவ குனியக் கூடாதும்மா," என்று இவர் இன்னும் இரண்டு வரிசை ஹாலோ பிளாக்கை ஏற்றினார். உயரம் கூடியதால் உள்ளே என்ன கொட்டினாலும் நிறையவில்லை. அடியில் தேங்காய் மட்டை, அதன்மேல் கட்டுக்கட்டாகக் கரும்புத் தோகை, பிறகு மக்கின சாண எரு, மேலே ஏரி வண்டல். வண்டல் ஒரு டிப்பர்தான் கிடைத்தது. பற்றாததற்குத் தோகையை நறுக்கி வண்டலோடு கலந்தார். ஈரம் காயாமலிருக்க மேலேயும் அதையே பரப்பினார்.

"இதுல ஒரு சொட்டு மருந்து படாது கீதா. கண்ண மூடிக்கினு சாப்பிடலாம்," என்று பாத்தியின் மேல் தட்டிச் சொன்னார்.

தக்காளி நாற்று வைத்தோம், கொத்தவரை விதைத்தோம். என்னிடம் ஒரு கிறுக்குத்தனம் உண்டு. எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு, இது நல்லபடியாக நடந்தால் அதுவும் நல்லபடியாக நடக்கும் என்று மனசுக்குள் பந்தயம் கட்டிவிடுவேன். இந்தச் செடிகள் வந்தால் பிள்ளையும் வரும் என்று கட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

தக்காளிதான் முதலில் கோணியது. கொழுந்து இலை நூல் மாதிரி மெலிந்து, தண்டு முறுக்கிக்கொண்டு, நுனி கீழே பார்க்கத் தொடங்கியது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "வைரஸா இருக்கும், தக்காளிக்கு வர்றதுதான்," என்றார். மாமியார் கண்ணு பட்டிருக்கு என்று பாத்தி மூலையில் பூசணிக்காய் கட்டினார். இரண்டில் எது என்றாலும் எனக்குச் சம்மதம்தான். ஆனால் அடுத்து கொத்தவரையும் அதே மாதிரி முறுக்கிக்கொண்டு வந்தது. முளைத்தது முளைத்தபடி, பிறந்த குழந்தை முகம் சுளிப்பதுபோல.

அன்றைக்குப் பாத்தியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என் கையில் எதுவும் தங்காது என்றுதான் தோன்றியது. வயிற்றின் மேல் கை வைத்து, அசைகிறதா அசைகிறதா என்று பார்ப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. அசைந்தால் ஏன் இப்படி அசைகிறது என்று பயம், அசையாவிட்டால் கேட்கவே வேண்டாம்.

அழுது முடித்த பிறகு கடைக்காரர் மகளுக்கு மூளை வேலை செய்தது. மூட்டை புதுசா பழசா என்று சந்தேகம் வந்தால் அப்பா ஒரு பிடி பயறு எடுத்து முளைகட்டிப் பார்ப்பார். மூட்டை விற்பவன் ஆயிரம் சொல்லட்டும், பயறு பொய் சொல்லாது என்பார். நான் மூன்று கொட்டாங்குச்சி எடுத்தேன். ஒன்றில் டிப்பர் கொட்டிய இடத்தில் சுரண்டிய வண்டல், ஒன்றில் எரு, இன்னொன்றில் வண்டலோடு நறுக்கிய தோகை. சமையலறையில் இருந்த காராமணியை மூன்றிலும் ஊன்றி, ஜன்னலில் வரிசையாக வைத்தேன். மாமியார், "சொப்பு வச்சி விளையாடுற வயசா உனுக்கு?" என்றார்.

வண்டலில் நேராக வந்தது. எருவிலும் நேராக வந்தது. தோகை கலந்ததில் மட்டும் முறுக்கிக்கொண்டு வந்தது.

கொட்டாங்குச்சியை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன்.

"ஏங்க, இந்தத் தோகை எந்தக் கழனிது?"

"மேட்டுக் கழனிது. இன்னாத்துக்குக் கேக்குற?"

"அதுல மருந்து அடிச்சீங்களா?"

"கரும்புக்கு எவன்டி மருந்து அடிப்பான்? கொடிக்குத்தான் அடிச்சேன். கரும்பு மேலல்லாம் கொடி ஏறிக்கினு…"

அவர் கண் கொட்டாங்குச்சிக்குப் போனது. அகல இலைக் கொடியைச் சுருட்டிக் கொல்கிற களைக்கொல்லி. கரும்பு புல் சாதி, அதற்கு ஒன்றும் ஆகாது. அடித்த கொஞ்ச நாளிலேயே அதே கழனியில் தோகை உரித்து, அதைத்தான் கட்டுக்கட்டாகத் தூக்கி வந்து எனக்காக நிரப்பியிருக்கிறார். அவர் மண்வெட்டியை எடுத்துப் பாத்தியைப் பிரிக்கத் தொடங்கினார். எனக்கோ, உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது. என் கை காரணமில்லை, என் ராசி காரணமில்லை. மருந்துதான் காரணம். ஒரு காய்கூட வாயில் போடவில்லை, தப்பித்தோம்.

அந்தச் சந்தோஷத்தோடு கொடியில் துணி எடுக்கப் போனேன். அவருடைய நீல முழுக்கைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. மருந்து அடிக்கப் போகிற நாளில் மட்டும் போட்டுக்கொள்கிற சட்டை.

அதைத் துவைத்தது நான். எப்போதும் நான்தான். மருந்து நாற்றம் போகவேண்டுமென்று ஊறவைத்து, கையால் கசக்கி, காலரையும் கையையும் கல்லில் தேய்த்துத் தேய்த்துத் துவைப்பேன். முதல் முறை வயிற்றில் இருந்தபோதும் துவைத்தேன். இரண்டாம் முறை இருந்தபோதும் துவைத்தேன். அதனால்தான் போயின என்று யார் சொல்லமுடியும்? காரணம் தெரியவில்லை என்றுதான் டாக்டரம்மா அப்போது சொன்னார். எனக்கும் தெரியாது. ஆனால் நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். சட்டையைத் தொட முடியவில்லை.

நாலாவதாக ஒரு கொட்டாங்குச்சி எடுத்தேன்.

பாத்தியைக் காலி செய்துவிட்டுக் கை கழுவ வந்தவர் ஜன்னலைப் பார்த்தார். "அதான் தெரிஞ்சிபோச்சே கீதா. வேற மண்ணு அடிச்சி ரொப்பிடலாம். இன்னும் இன்னாத்துக்கு இது? இது எந்த மண்ணு?"

"தொவைக்கிற கல்லாண்ட எடுத்தது."

முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு தலையைத் திருப்பிக் கொடியில் தொங்கிய நீலச் சட்டையைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எத்தினி வாட்டி தொவச்சிருப்ப?"

"நீங்க எத்தினி வாட்டி அடிச்சீங்களோ அத்தினி வாட்டி."

பிறகு எழுந்துபோய்ச் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்தார். எங்கே கொண்டுபோனார் என்று நான் கேட்கவில்லை. கொட்டாங்குச்சிக்குத் தண்ணீர் தெளிப்பதை அன்றிலிருந்து அவர்தான் செய்கிறார்.

நாளைக்கு ஸ்கேன். இன்று காலை அந்த மண்ணில் வெடிப்பு விட்டுக் காராமணி தலைகாட்டியிருக்கிறது. தலை குனிந்தபடி இருக்கிறது. எந்தப் பயறும் முதலில் குனிந்துதான் வரும், அப்புறம்தான் நிமிரும் என்கிறார் மாமியார். நானும் வீட்டுக்காரரும் ஜன்னலை விட்டு நகராமல், அது நிமிர்வதற்காக நிற்கிறோம்.