பெண் கொடி

நாலாவது கொடியும் ஆணாகத்தான் பூத்தது.

தோட்டக்காரம்மாதான் முதலில் பார்த்தாள். நிழல்வலைக் கூடத்துக்குள்ளிருந்தே, "டாக்டரம்மா, இதுவும் மாப்பிள்ளைதான்!" என்று கத்தினாள். விதைக்காரி வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, லென்ஸ் வைத்துப் பார்த்தாள். குருணை அளவுப் பூ. உள்ளே மகரந்தம் இருந்தது; காய் பிடிக்கிற சூல்பை இல்லை. "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு நிமிர்ந்தாள்.

விதைக்காரி என்பது ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர். காட்டு மூலிகைகளின் விதைகளைச் சேகரித்து, காயவைத்து, குளிர் அறையில் பத்திரப்படுத்துவது அவள் வேலை. அதே கட்டடத்தின் மாடியில் அவள் கணவர் அந்த மூலிகைகளை அரைத்து, வடித்து, எந்தப் புண்ணுக்கு எது கேட்கிறது என்று பார்ப்பவர். அவருக்குப் பெயர் சாறு. அவள் சேர்த்து வைப்பதை அவர் அரைத்துத் தீர்ப்பார். "வீட்டுலயும் இதே கதைதானா?" என்று கேட்டுச் சிரிக்காத ஆள் அங்கே கிடையாது.

கூடத்தில் பூத்த அந்தக் கசப்புக்கொடியில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. இரண்டும் பூத்தால்தான் விதை. குளிர் அறையில் அதன் விதை ஒரு பொட்டலம் இருந்தது. உயிர் இருக்கிறதா என்று சோதிக்க ஈரத்தாளில் வைத்தபோது, பார்வைக்கு நன்றாக இருந்தவையெல்லாம் பூஞ்சணம் பிடித்து நசநசத்துப்போயின. பயந்துபோய் மிச்சத்தையும் போட்டுப் பார்த்தாள். தேறியது ஐந்து நாற்று. விதை எடுத்த மலைச்சரிவு இப்போது கல்குவாரி. அதனால் அந்த ஐந்தையும் தொட்டியில் வைத்து, காய்ச்சல் அடித்த நாளில்கூட வந்து தண்ணீர் ஊற்றி வளர்த்தாள். பூக்கவே மூன்று வருஷம் ஆயிற்று.

அன்று ராத்திரி வீட்டில் சாப்பாட்டு மேஜையில் சாறு பேச்சை எடுத்தார்.

"நாலும் ஆண்தானே? ஒண்ணோட வேரைக் குடுத்தா என்ன? ஆறாத புண்ணு ஆறுது. எலியில பாத்தாச்சு. இந்த நேரத்துல வேர் இல்லாம கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"அஞ்சாவது இன்னும் பூக்கல. அது பெண்ணா இருந்தா நாலு ஆணும் வேணும்."

"பெண்ணா இல்லாம போனா?"

அவள் மாமனாருக்குச் சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தாள். காது மந்தமான அந்த மனிதர் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நாலும் ஆணா? யாருக்கும்மா? ஒரே பிரசவத்துலயா?" என்று பதறினார். மற்ற நாளாக இருந்தால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

ஐந்தாவது கொடி மழைக்காலத்தில் பூத்தது. ஆண்.

தோட்டக்காரம்மா இந்த முறை கத்தவில்லை. மாடிக்குப் போய் சாறைக் கூட்டிக்கொண்டு வந்தாள். விதைக்காரி கவிழ்த்துப்போட்ட தொட்டிமேல் உட்கார்ந்திருந்தாள்.

"எடுத்துக்குங்க. அஞ்சையும் எடுத்துக்குங்க" என்றாள். "எனக்கு இனிமே முடியல."

சாறு தொட்டிகளைச் சுற்றி வந்தார். ஒன்றில் மண்ணை விரலால் விலக்கி வேரைப் பார்த்தார். சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை.

"அஞ்சையும் அரைச்சா ஒரு சோதனைக்குக் காணும். அப்புறம்? ஊருக்கெல்லாம் மருந்துன்னு சொல்லிட்டுச் செடியே இல்லன்னு நிக்கணுமா?" தலையைச் சொறிந்தார். "ஞாயித்துக்கிழமை அந்தக் குவாரிப் பக்கம் போய்ப் பாத்துட்டு வருவோம்."

"நா எல்லாம் பாத்தாச்சு."

"நா பாக்கலையே."

மாமனாரை நாத்தனார் பொறுப்பில் விட்டுவிட்டுப் போனார்கள். குவாரி வாசலில் வண்டி நின்றதுதான் அவளுக்கு ஞாபகம். சீட்டில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள். கண் விழித்தபோது சாறு வேர்க்க விறுவிறுக்க, கை நிறையக் கொடிகளோடு ஜன்னலில் நின்றார்.

"இதுவா பாரு."

"இது கோவை."

"இது?"

"இது எதுவும் இல்ல. களை." அவளுக்கு எரிச்சலும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "பத்து வருஷமா இந்தச் செடியோட குப்பை கொட்டறீங்க, அடையாளம் தெரியல?"

"எங்கிட்ட வரும்போது அது பொடியால்ல இருக்கும்?"

அதற்கு மேல் வண்டியில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. இறங்கி நடந்தாள். இலையெல்லாம் கல்தூள் படிந்து, எந்தச் செடி எதுவென்றே தெரியாமல் ஒரே வெள்ளையாக நின்றன. முகம் கழுவலாம் என்று காவல்காரரின் தகரக் கொட்டகைக்குப் போனாள். தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் ஒரு விறகுக் கட்டு. அதைக் கட்டியிருந்தது கயிறு இல்லை, காய்ந்த கொடி. கொடியில் மிளகு மிளகாகக் காய்கள்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். காய்களை ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்த்தாள். எல்லாம் வண்டு துளைத்து, விதையில்லாத வெறும் கூடு. ஆனால் ஆண் கொடியில் காய் வராதே.

"அண்ணே, இதை எங்க அறுத்தீங்க?"

"இதுவா? அந்தப் பள்ளத்து ஓரத்துல. ஏம்மா, அறுக்கக் கூடாதா?" காவல்காரர் மிரண்டுபோனார்.

பள்ளத்து ஓரத்தில் அறுபட்ட அடிக்கட்டை மட்டும் நின்றது. பக்கத்தில் கல்லைப் புரட்டிப் பார்த்தார் சாறு. கீழே முன்கை தடிமனில் வேர் பாறையிடுக்கில் இறங்கியிருந்தது. அவர் முகம் போன போக்கை அவள் பார்த்தாள். வாழ்க்கையில் அவ்வளவு பெரிய வேரை அவர் கண்டதில்லை. சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை.

"அடுத்த மாசம் இந்தப் பக்கம் வெடி வெக்கிறாங்க. இதெல்லாம் போயிடும்" என்றார் காவல்காரர்.

ஆக அங்கே விட்டுவிட்டு வரவும் வழியில்லை. தோண்டித்தான் ஆகவேண்டும். காவல்காரரின் கடப்பாரையை வாங்கி, சாறு கல்லை நெம்ப, அவள் கையாலேயே மண்ணைத் தள்ளினாள். நகம் பெயர்ந்தது. பாதி வேர் வெளியே வந்தபோது நுனி பாறையில் மாட்டிப் படக்கென்று ஒடிந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒடிஞ்சதை நீங்க வெச்சுக்குங்க" என்றாள். "மிச்சத்துல ஒரு கீறல்கூட விழக் கூடாது."

"சரிம்மா."

திரும்பும்போது அவள் வண்டி ஓட்டினாள். ஈரச் சாக்கில் சுற்றிய வேரை அவர் மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குழிக்கும் "மெதுவா, மெதுவா" என்றார்.

நட்ட பிறகு அந்த அடிக்கட்டை மாதக்கணக்கில் செத்தது மாதிரி கிடந்தது. நிலைய இயக்குநர் அந்த இடத்தை வேறு ஆராய்ச்சிக்குக் கேட்டார். தருகிறேன் தருகிறேன் என்று இழுத்தடித்தாள். ஒருநாள் தோட்டக்காரம்மா, "வீசிடலாமா டாக்டரம்மா?" என்று கேட்டு, தொட்டியை நகர்த்தும்போது ஓரத்தில் ஒரு தளிரைக் கண்டாள். அதற்கடுத்த மழைக்கு அது பூத்தது. மற்ற ஆண் கொடிகள் பூத்து ஓய்ந்திருந்தன; பூவோடு மிச்சமிருந்தது ஒன்றுதான். விதைக்காரி தினமும் காலையில் வந்து, மெல்லிய தூரிகையால் அதன் மகரந்தத்தைத் தொட்டுப் பெண் பூக்களில் தடவினாள். பாதி உதிர்ந்தது. காயில் பாதியை அணில் கொண்டுபோயிற்று. அதன்பிறகு வலைத்துணி கட்டிக் காப்பாற்றியதில் உள்ளங்கை கொள்கிற அளவு விதை தேறியது.

சாறு ஒடிந்த வேரை வைத்துச் செய்த சோதனை ஒருமுறை நன்றாக வந்தது, மறுமுறை வரவில்லை. "திரும்பச் செய்யணும்" என்றார். ஆனால் அவளிடம் மறுபடி வேர் கேட்கவில்லை. செடி பெருகட்டும் என்று காத்திருக்கப் பழகிக்கொண்டிருந்தார் போல.

விதைகளைக் காயவைத்து, உறையில் இட்டு, குளிர் அறையில் வைத்துவிட்டு அவள் கதவைச் சாத்தினாள். வெளியே சாறு அவள் கைப்பையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"சந்தோஷமா?" என்று கேட்டார்.

அவள் கதவை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தாள்.

"தெரியலைங்க" என்றாள். "இப்போதைக்கு எங்கயாவது உக்காரணும்."

நடைபாதையில் கிடந்த பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள்.