அடங்காத துடிப்பு

குடிநோயாளிகள் மீட்பு மையத்தில் இதயத் துடிப்பைப் பதிவு செய்வது அவள் வேலை. சொந்த அண்ணன் நெஞ்சிலேயே ஒயர் ஒட்டும் நாள் வரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

அண்ணன் மரச்சாமான்களுக்கு பாலிஷ் போடுகிறவன். மையத்தில் தங்கித் தேறி, கன்னத்தில் சதை பிடித்து, புது மாப்பிள்ளை மாதிரி இருந்தான். மதுவைக் கண்டால் உடம்பு இன்னும் துள்ளுகிறதா என்று வீட்டுக்கு அனுப்புமுன் பார்க்கும் கடைசிப் பரிசோதனை அது. திரையில் முதலில் கடல், மரம் என்று படங்கள் வந்தன. பிறகு நுரை ததும்பும் கிளாஸ்.

"இதெல்லாம் எனக்குத் தூசு" என்று சிரித்தான்.

வாய்தான் சிரித்தது. உள்ளங்கை வியர்த்துவிட்டது. எகிறிய துடிப்பு, படம் மறைந்த பிறகும் இறங்காமல் முரண்டு பிடித்தது.

"என்ன டாக்டரம்மா, நான் பாஸா பெயிலா?" என்று தங்கையைக் கிண்டல் செய்தான்.

நிஜ டாக்டர் திரையில் ஓடிய துடிப்புக் கோட்டை வெகுநேரம் பார்த்தார். "துடிப்பு இப்படி அடங்காம இருக்கறவங்கள்ல பல பேர் மறுபடி குடிச்சிடறாங்க. எல்லாரும்னு சொல்ல முடியாது. இன்னும் கொஞ்ச நாள் இருக்கச் சொல்லிப் பாரும்மா."

சொன்னாள். அண்ணன் முகம் சுண்டிப்போனது. "நான் சத்தியம் பண்றேன். என்னைவிட இந்த ஒயரை நம்புறியா?"

"உன்னை நம்பாம இல்லண்ணா. உனக்கே தெரியாம உடம்பு ஏதோ சொல்லுது. பட்டறையில சாராயம் மாதிரி அடிக்கற அந்த பாலிஷ் ஸ்பிரிட் வாசனையில போய் நிக்காதேண்ணா."

"எனக்குத் தெரிஞ்சது பாலிஷ் ஒண்ணுதான்."

வளர்ந்த ஆளைக் கட்டிப்போடவா முடியும்? அவன் மையத்திலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான். தினமும் காலையில் பட்டறை வாசல்வரை கொண்டுபோய் விட்டாள். மாலையில் போய் அழைத்து வந்தாள். அவன் பொய் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள். அவனோ தன்னைத்தானே முழுசாக நம்பினான். அதுதான் அவளை வாட்டியது. கண் சிவந்திருந்தால், "தூக்கம் வரல, வேற ஒண்ணுமில்ல" என்பான்.

ஒரு மதியம் பட்டறை முதலாளி போன் செய்தார். ஓடினாள். பாதி மெருகேறிய அலமாரியின் அருகே, மரத்தூளில் சரிந்து கிடந்தான் அண்ணன்.

"ஒரு சண்டை சச்சரவு இல்லம்மா" என்றார் முதலாளி. "சாப்பிடப் போனவர் குடிச்சிட்டுத் திரும்பி வந்தார்."

கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றினாள். அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"உனக்கு முன்னாடியே தெரியுமில்ல? தெரிஞ்சும் ஏம்மா என்னை விட்டே?"

சொன்னேனே என்ற வார்த்தை நுனிநாக்குவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். அவன் தலை அவள் தோளில் பாரமாகச் சாய்ந்தது.

"எங்கேம்மா போகணும்?" என்று கேட்டார் டிரைவர்.

வீட்டுக்கா, மையத்துக்கா? தோளில் கிடந்த அண்ணன் முகத்தைக் குனிந்து பார்த்தாள்.