அங்கப்பன் மீசையும் ஒரு வரிக் கட்டளையும்

கருமத்தம்பட்டியில் அங்கப்பனின் மீசை தெரியாத ஆளே கிடையாது. அவிநாசி ரோட்டு லாரிக்காரர்கள் அதை அடையாளம் பார்த்துத்தான் வண்டியைத் திருப்புவார்கள். பம்ப்செட் பட்டறையை விற்றுவிட்டு ஓய்வாக இருந்த மனுசன், அப்பேர்ப்பட்ட மீசையை ஒரு லேப்டாப் மேல் பந்தயம் கட்டினார்.

வீட்டில் இருந்தது ஒரே பழைய லேப்டாப், அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ். தங்கள் காலை வாக்கிங் கூட்டத்தின் வால்பாறைச் சுற்றுலாவுக்குப் பேனர் வரைய இங்க்ஸ்கேப் மென்பொருளை ஏற்ற வேண்டும். அங்கப்பன் மவுஸ் கட்சி: கடை மாதிரி படம் படமாய் அடுக்கிய திரையில் பொத்தானை அமுக்கினால் ஆச்சு. டெலிபோன் ஆபீசில் ரிட்டயரான மனைவி ராசாத்தாள் டெர்மினல் கட்சி: கருப்புத் திரை, ஒரு வரிக் கட்டளை, எண்டர்.

"அந்தக் கருப்புத் திரை செயிச்சா மீசையை எடுத்துப்போடறேன் அம்மணி!"

"அப்பறம் பேச்சு மாறப்படாதுங்க."

நடுவர் பக்கத்து வீட்டு அமிர்தநாதன், சர்ச்சில் ஆர்மோனியம் வாசிப்பவர். அவர் ஒரு டம்ளர் காப்பி குடித்து முடிக்கிற வரைக்கும் ஒரு ஆளுக்கு நேரம்.

முதலில் அங்கப்பன். பொத்தானை அமுக்கினார். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றியது, அப்படிச் சுற்றியது. அந்த வட்டத்துக்கு ஒரு பெல்ட் மாட்டியிருந்தால் கோபிப் பக்கத்து வயல் பூராவும் தண்ணீர் பாய்ந்திருக்கும். "அமிர்தநாதா, மெல்லக் குடிப்பா!" என்று கெஞ்சியும் டம்ளர் காலி. அங்கப்பன் திரையில் திறந்திருந்த அந்தக் கடைச் சன்னலை மூடவில்லை. நைசாகக் கீழே இறக்கி ஒளித்துவைத்தார். அங்கேயே கமுக்கமாக வேலை முடிந்தால் மீசை தப்பிக்குமே!

இரண்டாவது டம்ளர் வந்தது. ராசாத்தாள் ஒரே வரி தட்டினார். கருப்புத் திரை எதையோ எழுதிவிட்டு அப்படியே நின்றது. குனிந்து படித்தவர், கணவர் காதோரம் வந்தார்.

"ஏனுங்க, ஏத்தற வேலைக்கு ஒரே பூட்டாமா, அது இன்னொருத்தர்கிட்ட இருக்குதாமா. உங்க கடை தொறந்தே கெடக்குதுங்களா?"

அங்கப்பனுக்குச் சுரீரென்றது. அப்படியானால் ரெண்டு பேருக்கும் ஒரே கிணறுதான். ஒரு மோட்டார் ஓடும்போது இன்னொன்று இறைக்க முடியாது.

"என்னங்கக்கா, கம்முனு நிக்குது? ரெண்டு மடக்குதான் மிச்சம்," என்றார் நடுவர்.

"அதை நிறுத்த எனக்கு வழி தெரியுமுங்க," ராசாத்தாள் கிசுகிசுத்தார். "ஆனா நீங்க புடிச்சிருக்கறதை நான் புடுங்க மாட்டேன்."

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், மீசை பிழைத்துவிடும். அங்கப்பன் மீசையை ஒருமுறை தடவிப் பார்த்தார். மவுஸை இழுத்தார். ஒளித்ததை மேலே கொண்டுவந்து ரத்து செய்தார்.

"நாந்தான் மறைச்சு வெச்சிருந்தேன் அமிர்தநாதா. இப்பப் பாரு என்ற ஊட்டுக்காரி வேலையை!"

கருப்புத் திரை உயிர்த்தது. ஏற்றட்டுமா என்று கேட்டது. ராசாத்தாள் சம்மதம் தட்டியதும் எழுத்துகள் அருவியாகக் கொட்டின. நடுவர் கடைசி மடக்கை விழுங்க மறந்து வாயிலேயே வைத்திருந்தார். அவர் விழுங்குவதற்குள் இங்க்ஸ்கேப் திறந்து நின்றது.

"நீங்கதான உட்டுக்குடுத்தீங்க. மீசை இருக்கட்டுமுங்க," என்றார் ராசாத்தாள்.

"அதெப்படி!" என்று அங்கப்பன் சலூனுக்குக் கிளம்பிவிட்டார்.

மழுமழு முகத்தோடு கடைவீதியை மூன்று சுற்று வந்தார். பார்த்தவர்களெல்லாம், "ஏனுங்க, மீசை எங்கீங்க?" என்றார்கள்.

"என்ற ஊட்டுக்காரி ஒரே வரியில எடுத்துப்போட்டா!"

கேட்காமல் போனவர்களை அவரே கையைப் பிடித்து நிறுத்தி, கேட்க வைத்தார்.